சுவர் தாங்குமா?

 

இம்மாதம் நமக்கு வந்த மடல்களுள் போத்தனூர்ச் சகோதரி ஒருவர் எழுதியது சற்று விரிவான பதிலை வேண்டி நிற்கிறது. வீட்டின் மேற்குப் பக்கச் சுவரில் பத்தடி நீளமும் நாலடி அகலமும் கொண்ட தகரச் சாய்ப்பு ஒன்றைப் பொருத்தியிருந்தார்களாம். கடந்த ஆடி மாதக் காற்றில் அது ஆணிகளோடும் பூச்சோடும் பெயர்ந்து வாசலில் விழுந்துவிட்டது. அப்போது பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றிருந்தனர், அல்ஹம்துலில்லாஹ். கணவர் வளைகுடா நாட்டில் இருப்பதால், புதிய சாய்ப்பைத் தாமே முன்னின்று அமைக்க வேண்டியுள்ளது. கொத்தனார் ஒன்று சொல்கிறார், வெல்டிங் பட்டறைக்காரர் வேறொன்று சொல்கிறார். போதாக்குறைக்கு அந்தச் சுவர் அண்டை வீட்டாருக்கும் பொதுவானது. என்ன செய்வது என்று கேட்கிறார்.

முதலில் அவருடைய ஊரின் காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவராக நீண்டு செல்லும்போது பாலக்காட்டருகே மட்டும் முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்திற்கு ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாயிலில் நெருக்குண்டு, வேகம் கூடி, மதுக்கரை, போத்தனூர் வழியாகக் கொங்குச் சமவெளியில் பாய்கிறது. 1862-ஆம் ஆண்டில் மேற்குக் கரையிலிருந்து போத்தனூருக்கு இரயில் பாதை வந்து சேர்ந்ததும் இதே வாயில் வழியாகத்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பிற ஊர்களில் பழமொழி. இங்கே அது கண்ணெதிரே காணும் செய்தி.

கட்டடங்களின் காற்றுச் சுமைக்கான இந்தியத் தர விதியில் கோவைக்கு நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வேகம் கணக்கில் கொள்ளப்படுகிறது. அந்த வேகத்தில் காற்று ஒரு சதுர அடிக்குத் தோராயமாக எட்டரைக் கிலோ அழுத்தம் தரும். சகோதரியின் சாய்ப்பு நாற்பது சதுர அடி. ஆகவே மொத்தம் 340 கிலோ! அத்தகைய காற்று அரிதாகவே வீசும் என்பீர்கள், உண்மைதான். அதில் பாதி வேகத்தில் வீசினாலும் அழுத்தம் நான்கில் ஒரு பங்காகும், 85 கிலோ. சாய்ப்பின் தகரமும் இரும்புச் சட்டமும் சேர்ந்து நாற்பது கிலோ அளவில்தான் இருக்கும். எனவே காற்று அடியில் புகுந்தால் சாய்ப்பு கீழே இறங்குவதில்லை, மேலே எழும்பவே முயல்கிறது. இதை உணராமல்தான் நம் பட்டறைகளில் பெரும்பாலானவை பாரத்தைத் தாங்கும் மேல் ஆணிகளைப் பெரிதாகவும், கீழ் ஆணியைப் பெயருக்கு ஒன்றாகவும் அடித்துவிட்டுப் போகின்றன. காற்று தூக்கும்போது இழுபடுவது அந்தக் கீழ் ஆணியேயாகும்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். மூன்று பிராக்கெட்டுகளில் சாய்ப்பு நிற்கிறது என்றால் நடுவில் உள்ளதே பாதிச் சுமையை ஏற்கிறது. பெருங்காற்றில் அதன் மீது வரும் தூக்கு விசை, தகரத்தின் எடையைக் கழித்தபின், சுமார் 150 கிலோ. அது சுவரிலிருந்து இரண்டடி தள்ளிச் செயல்படுகிறது. பிராக்கெட்டின் மேல் போல்டுக்கும் கீழ் போல்டுக்கும் இடைவெளி ஓரடியே என்றால், நெம்புகோலைப்போல், கீழ் போல்டை 300 கிலோ இழுக்கும். இடைவெளியை இரண்டடியாக்கினால் அதே இழுப்பு 150 கிலோவாகக் குறைகிறது. விலை உயர்ந்த போல்டைத் தேடுவதற்கு முன் உயரமான பிராக்கெட்டைச் செய்யச் சொல்லுங்கள். கூடுதலாக ஆவது சில அடி இரும்புக்கோணம் மட்டுமே.

இனிச் சுவருக்கு வருவோம். மதுக்கரையில் 1930-களில் சிமெண்ட் ஆலை வருவதற்கு முன் எழுந்த பழைய வீடுகளின் சுவர்கள் பருமனானவை. ஆனால் செங்கல்லைப் பிணைப்பது சுண்ணாம்புக் காரை. அதில் போல்டு இறுகாது, காரை பொடிந்து உதிரும். பிற்காலத்து வீடுகளில் நாட்டுச் செங்கல் உண்டு, சேம்பர் செங்கல் உண்டு. 2021-இல் தடாகம் பள்ளத்தாக்கின் செங்கற்சூளைகள் மூடப்பட்ட பின் சிமெண்ட் கற்களும் சாம்பல் கற்களும் மிகுந்துவிட்டன. உள்ளே வெற்றிடமுள்ள ஹாலோ பிளாக் சுவரில் நீண்ட போல்டைச் செலுத்தினால் அதன் பாதி வெறும் காற்றைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆகவே, வேலை தொடங்குமுன் ஓர் ஓரத்தில் சிறு துளையிட்டு, வெளிவரும் தூளைப் பாருங்கள். சிவந்த தூள் என்றால் செங்கல். சாம்பல் நிறம் என்றால் சிமெண்ட் கல் அல்லது கான்கிரீட். துளைக்கும் முனை திடீரென உள்ளே வழுக்கினால் வெற்றிடம். வெண்மையாக உதிர்ந்தால் காரை. அங்கே நிறுத்திவிடுவதே நல்லது.

பூச்சு வேறு, சுவர் வேறு என்பதையும் மறந்துவிடலாகாது. வெளிப்பூச்சு முக்கால் அங்குலம் வரை இருக்கும். இரண்டங்குல பிளக்கை அடித்தால் செங்கல்லில் இருப்பது ஒன்றேகால் அங்குலமே. சகோதரியின் சாய்ப்பு பூச்சோடு பெயர்ந்து வந்தது என்ற ஒரு குறிப்பே நோயைச் சொல்லிவிடுகிறது.

சுவரில் பிளக் வைக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பது சுவையான செய்தி. 1911 வாக்கில் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சுவர்களைச் சிதைக்காமல் மின்சாதனங்களைப் பொருத்த வேண்டிய வேலை ஜான் ராலிங்ஸ் என்பவருக்கு வந்தது. சணல் நாரைப் பிராணிகளின் இரத்தம் கலந்த பசையால் இறுக்கி அவர் செய்த சிறு குழலே ராவல் பிளக். 1958-இல் ஜெர்மனியின் ஆர்தர் பிஷர் அதை நைலானில் செய்தார். நம் பெரியவர்கள் தேக்குக் கட்டையைச் செதுக்கிச் சுவரில் அறைந்தார்கள். வீட்டுக்குள் கடிகாரம் மாட்ட அது போதும். வெளியே வெயிலில் சுருங்கி, மழையில் உப்பிவிடும். நைலான் பிளக்கும் விளக்குக்கும் பெயர்ப்பலகைக்கும் உரியதே தவிர, காற்றை ஏந்தும் சாய்ப்புக்கு உரியதன்று.

கான்கிரீட் பீம் அல்லது லிண்டல் கிடைக்கும் உயரத்தில் இரும்பு ஆங்கர் போல்டு மிக நன்று. அது உள்ளே விரிந்து நெருக்கிப் பிடிப்பது. ஆனால் அந்த விரிவையே செங்கல் தாங்காது. மூலைக்கும், சன்னல் ஓரத்திற்கும், கைப்பிடிச் சுவரின் தலைப்பகுதிக்கும் அருகில் அடித்தால் கல் பிளந்துவிடும். ஓரத்திலிருந்து ஆறு அங்குலமாவது தள்ளியிருக்கட்டும். செங்கல்லின் நடுவில் துளையிட வேண்டும், இணைப்புக் காரையில் அன்று. செங்கல் சுவருக்குப் பொருத்தமானது பசை ஊற்றிப் பதிக்கும் கெமிக்கல் ஆங்கர். ஹாலோ பிளாக் என்றால் அதனுடன் வலைக்குழாயும் சேர வேண்டும். எதுவாயினும் துளையிலுள்ள தூளைத் தூரிகையால் தேய்த்து, ஊதி, மீண்டும் தேய்த்து வெளியேற்றுங்கள். தூளின்மேல் ஊற்றிய பசை தூளைத்தான் பிடிக்கும். அரை நிமிட வேலை இது. பெரும்பாலோர் செய்வதில்லை, நின்று பார்ப்பவர் இருந்தால் செய்வார்கள்.

எல்லாவற்றிலும் உறுதியானது சுவரை ஊடுருவிச் செல்லும் போல்டு; மறுபுறம் நாலங்குலச் சதுரத் தகடு வைத்து நட்டை முடுக்குவது. நாலரை அங்குலச் சுவருக்கு இதைவிட நம்பிக்கையான வழி இல்லை. ஆனால் சகோதரியின் சுவரில் மறுபுறம் என்பது அண்டை வீட்டாரின் அறை!

அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி ஒன்று புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. தம் சுவரில் அண்டை வீட்டார் மரக்கட்டை பதிப்பதைத் தடுக்கலாகாது என்பது அதன் கருத்து. இமாம் அஹ்மத் அவர்கள் இதைக் கடமை எனக் கொண்டார்கள்; ஹனஃபி அறிஞர்கள் விரும்பத்தக்க நற்செயல் என்றார்கள். சுவருக்குத் தீங்கு நேரக்கூடாது என்பது நிபந்தனை. சகோதரி இதை எடுத்துக்காட்டி அண்டை வீட்டாரிடம் உரிமை கோர எண்ணுவதாக எழுதியிருக்கிறார். என் கருத்து வேறு. அந்நாளில் பதித்த கட்டை சுவரின்மேல் அமைதியாகப் பாரத்தை இறக்கி நின்றது. நம் சாய்ப்போ காற்றடிக்கும்போதெல்லாம் சுவரைப் பிடுங்கி அசைக்கிறது. அதற்குத் தீங்கில்லை என்று சொல்வது கடினம்.

ஆதலால் அவருக்கு நான் சொல்வது இதுதான்: சொந்த நிலத்தில் இரண்டடி ஆழத்தில் கான்கிரீட்டில் நான்கு இரும்புக் குழாய்களை நட்டு, சாய்ப்பை அவற்றின்மேல் நிறுத்துங்கள். சுவரைத் தொட வேண்டியதில்லை. தகரத்திற்கும் சுவருக்கும் இடையில் விடும் சிறு இடைவெளியை ரப்பர் பட்டையால் மூடிவிடலாம். அண்டை வீட்டம்மாளிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மட்டும் பாக்கி.

மடலின் கடைசியில், காம்பவுண்டுச் சுவரில் கொக்கி அடித்துத் துணிக்கொடி கட்டலாமா என்றும் கேட்டிருக்கிறார். இருபதடிக் கொடியின் நடுவில் பத்துக் கிலோ ஈரத்துணி தொங்கி, கொடி அரையடி மட்டுமே தாழ்ந்தால், கொக்கியின் மீதான இழுப்பு 100 கிலோ. ஓரடி தாழவிட்டால் 50 கிலோ. இறுக்கிக் கட்டுவதுதான் அழகு என்று நாம் நினைக்கிறோம். சுவரைச் சாய்ப்பதும் அந்த இறுக்கமே. காம்பவுண்டுச் சுவர் பக்கவாட்டு இழுப்புக்காகக் கட்டப்படுவதில்லை. 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய காம்பவுண்டுச் சுவர் ஒன்று வீடுகளின்மேல் சரிந்து 17 உயிர்களைக் கொண்டுபோனதை நம் மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். கொடிக்கும் இரண்டு குழாய்களை நட்டுவிடுங்கள்.

மாடியில் ஏசி வைத்திருப்பவர்களும் வெளிப்பெட்டியின் பிராக்கெட்டை ஒருமுறை பார்க்கட்டும். 2024 ஆகஸ்டில் டெல்லி கரோல் பாகில் அத்தகைய பெட்டி விழுந்து, கீழே இருந்த பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். இயந்திரத்தின் ஓயாத அதிர்வு நட்டுகளை மெல்லத் தளர்த்துகிறது, துருவும் சேர்ந்துகொள்கிறது. நாகம் பூசிய போல்டுகளையே வாங்குங்கள். 2023 ஜூன் 1 அன்று கருமத்தம்பட்டியருகே விளம்பரப் பலகைச் சட்டம் காற்றில் சரிந்து அதில் வேலை செய்த மூவர் மாண்டதும் நினைவிலிருக்கட்டும். காற்று வீசும் நாளில் எவரையும் தகரத்தோடு ஏணியில் ஏற்ற வேண்டாம்.

பிராக்கெட்டில் பொருத்துகிறவர்கள், தகரம் ஏற்றுமுன் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சிமெண்ட் மூட்டையை ஓரிரவு தொங்கவிட்டு, கீழே யாரும் நடமாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் போல்டைச் சுற்றி மயிரிழை விரிசல் தெரிந்தால் அந்த இடம் ஆகாது. மூட்டையை இறக்கியபின், ஒருவர் தோள்கொடுத்து மேல்நோக்கியும் தள்ளிப் பார்க்கட்டும். இவற்றையெல்லாம் பங்குனி, சித்திரைக்குள் முடித்துவிடுங்கள், இன்ஷா அல்லாஹ். ஆனி பிறந்துவிட்டால் போத்தனூரில் தகரத்தைத் தூக்கிப் பிடிக்கவே ஆள் கிடைக்காது.