மேலே போட்டது கீழே வரும்

கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு அலையிடம் ஒரு பயம் இருக்கிறது. பிள்ளை முழங்கால் நனைய நின்றாலே, "டேய், உள்ளே போகாதே" என்று கரையிலிருந்து ஒரு குரல் வந்துவிடும். மலைக்குப் போகிறவர்களுக்கு அப்படி எந்தப் பயமும் கிடையாது. குளிர்ந்த காற்று முகத்தில் பட்டதும், ஊரில் கடைப்பிடிக்கிற ஒழுங்கில் பாதியை அடிவாரத்திலேயே கழற்றி வைத்துவிடுகிறோம்.

சேலத்துக்காரர்களுக்குக் கடல் தூரம். ஏற்காடு ஏரிக்கரைதான் எங்கள் பீச். படகுத்துறையில் வரிசை, மிளகாய் பஜ்ஜி, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய், காணாமல் போன குழந்தையைத் தேடும் அப்பா என்று மெரினாவில் இருப்பதெல்லாம் இங்கேயும் உண்டு. மே மாதக் கோடை விழாவும் அண்ணா பூங்கா மலர்க் கண்காட்சியும் சேர்ந்துகொண்டால் கூட்டமும் மெரினா கூட்டம்தான். சென்னைக்குத் தெற்கே கோவளம் கடற்கரை 2021இல் நீலக்கொடிச் சான்றிதழ் பெற்றது. தண்ணீரின் தரம், குப்பை அகற்றல், கழிப்பறை, உயிர்காப்பாளர் என்று 33 அளவுகோல்களைப் பார்த்துத்தான் அதைத் தருகிறார்கள். அந்தக் கொடி ஏற்காட்டுக்கும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கோவளத்தில் முணுமுணுக்காமல் கேட்டு நடக்கிற அதே ஜனம், இங்கே வந்ததும் ஏன் மாறிவிடுகிறது என்பதுதான் என் கேள்வி.

முதலில் தண்ணீர் போகிற பாதையைப் பாருங்கள். ஏரி நிரம்பி வழியும் நீர்தான் கிளியூர் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து அருவியாக விழுகிறது. படகில் போகும்போது கை நழுவிய சிப்ஸ் கவர், மழைக்காலத்தில் அந்த அருவியையும் பார்த்துவிட்டுத்தான் போகும். ஏற்காடு இருக்கும் இதே சேர்வராயன் மலைத்தொடரிலிருந்துதான் திருமணிமுத்தாறும் சரபங்காவும் புறப்படுகின்றன. சேலம் நகருக்குள் திருமணிமுத்தாற்றின் கதி என்ன என்பது ஊருக்கே தெரியும். சாக்கடையாகக் கறுத்து நகரைக் கடந்து, கடைசியில் காவிரியில் சேர்கிறது. சரபங்காவும் அங்கேதான் போகிறது. காவிரி கடலுக்குப் போகிறது. பூம்புகார் மணலில் கால் வைக்கிறவருக்கும் இந்த மலைக்கும் உறவு இருக்கிறது, நல்ல உறவாக இல்லாவிட்டாலும்.

மலைவாழ் மக்கள் இந்த உறவை எப்போதோ கண்டுகொண்டார்கள். உச்சியில் இருக்கும் குகைக் கோயிலில் சேர்வராயனோடு குடியிருப்பவள் காவேரியம்மன். குகை காவிரி பிறக்கும் இடம் வரை நீள்கிறது என்பது நம்பிக்கை. அது உண்மையா என்று கேட்கிற ஆள் நான் இல்லை. மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்களெல்லாம் திரண்டு வந்து கும்பிடும் அந்தத் தெய்வத்தின் வாசலுக்கு, தண்ணீர் பாட்டிலைப் புல்லில் வீசிவிட்டுப் போய் நிற்பது எனக்குப் பொருந்தவில்லை.

படகு விஷயத்துக்கு வருவோம். உயிர்காப்பு உடுப்பைக் கையில் கொடுத்தால் நம்மவர்கள் முதலில் செய்வது அதைத் தோளில் தொங்கவிட்டுக்கொள்வது. வார் போட்டால் செல்ஃபியில் சட்டை தெரியாதாம். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பலர் குழந்தைகள். அது நடந்தது நடுக்கடலில் இல்லை, கரைக்குப் பக்கத்தில். ஏரிதானே, அமைதியான தண்ணீர்தானே என்ற நினைப்புதான் ஆபத்து. வாரை இறுக்குங்கள். படகில் எழுந்து நிற்காதீர்கள். ஆள் அதிகம் என்று தோன்றினால் இறங்கிவிடுங்கள், டிக்கெட் பணம் போனால் போகிறது.

கிளியூரில் ஆபத்து வேறு மாதிரி. இறங்குகிற பாதை வெயிலில் சுலபமாகத் தெரியும். பாசி பிடித்த பாறை ஈரமானால் எந்தச் செருப்பும் நிற்காது. அருவியின் மேல்விளிம்பில் நின்று படம் எடுப்பதை வீரம் என்று நினைக்கிற இளைஞர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு: மேலே எங்கோ பெய்கிற மழை உங்களிடம் சொல்லிவிட்டு வருவதில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துப் போனது. நல்ல கோடை, விடுமுறை, குடும்பங்கள் குளித்துக்கொண்டிருந்த நேரம். கருமேகம் கூடினால், தண்ணீர் செம்மண் நிறமாகக் கலங்கினால், ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் மேடேறுங்கள்.

இதையெல்லாம்விட எனக்கு அதிகக் கவலை தருவது அடிவாரத்திலிருந்து ஏறும் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதில் யாருக்கும் சிரமமில்லை. இறங்கும்போதுதான் வினை. எஞ்சினை அணைத்து நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விடாமல் அழுத்தப்படும் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும், அதற்குமுன் கருகிய வாடை வரும். "ஏறின கியர்லயே இறங்கணும்" என்பது மலை ஓட்டுநர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் பாடம். ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும், இது சட்டம். 2024 ஏப்ரல் 30 அன்று மாலை, ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கிய தனியார் பேருந்து 13ஆவது வளைவில் தடுப்புச்சுவரை உடைத்துக்கொண்டு உருண்டது. அதில் உயிர்கள் போயின. அனுபவமுள்ள ஓட்டுநர்களுக்கே இந்தச் சாலை அப்படி என்றால், நேற்று லைசென்ஸ் வாங்கி நான்கு நண்பர்களை ஏற்றிக்கொண்டு வருகிறவரை என்ன சொல்வது? விழா நாட்களில் இறங்கும் வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிட்டால், சுற்று என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

வளைவுகளில் வண்டியை நிறுத்திக் குரங்குக்கு பிஸ்கட் போடுவது புண்ணியம் இல்லை. அந்த ருசிக்குத்தான் அது நடுரோட்டுக்கு வந்து சக்கரத்தில் மாட்டுகிறது. காபித் தோட்டத்து ஓரம் காட்டெருமை நின்றால் வண்டிக்குள்ளேயே இருங்கள். பிப்ரவரிக்கு மேல் சரிவுப் புல் காய்ந்து கிடக்கும், சிகரெட்டை அணைக்காமல் வீசினால் மலைக்குத் தீ வைத்ததாகத்தான் பொருள்.

கடைசியாகக் குப்பை. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் 2019 ஜனவரி 1 முதல் தடை. தண்ணீர் பாட்டில் அந்தப் பட்டியலில் வரவில்லை. அதனால்தான் ஏரிக்கரையிலும் லேடிஸ் சீட் காட்சிமுனைச் சரிவிலும் கண்ணில் படுவதெல்லாம் பாட்டில். பயணிக்குப் புத்தி சொன்னால் போதும் என்று நான் ஒருகாலத்திலும் நம்பியதில்லை, காசு பேசினால்தான் கை பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவரும். நீலகிரியில் 2022இல் டாஸ்மாக் மது பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் பணத்தைத் திருப்பினார்கள். யானைக் காலில் குத்திய கண்ணாடித் துண்டுகள் கோர்ட் வரை போனதால் வந்த ஏற்பாடு அது. பாட்டில்கள் திரும்பி வந்தன, திட்டம் வேறு மாவட்டங்களுக்கும் போனது.

மது பாட்டிலுக்குக் கிடைத்த அந்த மரியாதை ஏற்காட்டில் தண்ணீர் பாட்டிலுக்கும் கிடைக்கட்டும். அடிவாரச் சோதனைச்சாவடியில் பாட்டிலைக் கணக்கெடுப்பது நடக்கிற காரியமில்லை. ஏரிக்கரைக் கடைகளில் தொடங்கினால் போதும். அடுத்த கோடை விழாவுக்குள் சேலம் மாவட்ட நிர்வாகம் இதைச் செய்ய வேண்டும்.