எபிலேட்டர் வலி ஒரு நாள்தான்... அது விட்டுப்போகும் கருமை? வாங்கும் முன் ஏன் யோசிக்க வேண்டும்?

அரியலூரை ஒட்டியிருக்கும் கல்லங்குறிச்சி, கலியுக வரதராஜப் பெருமாள் கோயிலுக்கும் சுற்றியிருக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் பேர் போன ஊர். இது மாதிரி ஊர்களில் கை, கால் முடியை எடுக்கணும்னு நினைக்கிற பொண்ணுங்களுக்கு வேக்சிங் என்பது டவுனுக்கு பஸ் ஏறிப் போகிற வேலை. போனாலும் பார்லர் வாசலில் தெரிஞ்சவங்க யாராவது பார்த்துட்டா, வீட்டுக்குப் போறதுக்குள்ள விஷயம் போய்விடும். எபிலேட்டருக்கு அந்தக் கஷ்டம் எல்லாம் இல்லை. ஆர்டர் போட்டால் கூரியர்காரர் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டுப் போகிறார். கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கும் தெரியாமல் பயன்படுத்தலாம்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. உடம்பில் முடி இருக்கணுமா, எடுக்கணுமா என்பது அவரவர் விருப்பம். ஆனால் சில ஆயிரம் ரூபாய் போட்டு வாங்கும் இந்த மெஷினைப் பற்றி விளம்பரமும் ரீல்ஸும் சொல்லும் ஒரே குறை, 'ஆரம்பத்துல கொஞ்சம் வலிக்கும்' என்பதுதான். உண்மையில் நம்ம ஊர் தோலுக்கு வலி சின்னப் பிரச்னை. பெரிய பிரச்னை அதற்கு அப்புறம்தான் வருகிறது.

விலையையும் சொல்லிவிடலாம். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட ஒரு நாள் கூலி 336 ரூபாய். மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வரும் ஒரு சாதாரண எபிலேட்டர், பத்து நாள் வெயிலில் மண் வெட்டிய காசு. பயன்படுத்திய பிறகு 'ஒத்துக்கல' என்று சொன்னால், சுகாதாரக் காரணம் காட்டிப் பெரும்பாலும் திரும்ப எடுக்கவும் மாட்டார்கள்.

ரேசர் மேல் ஏன் இவ்வளவு பயம்?

சும்மா கிடைக்கும் ரேசரை விட்டுவிட்டு இவ்வளவு காசு போட்டு எபிலேட்டர் வாங்கக் காரணம் என்ன? பெரும்பாலும் ஒரே பயம்தான்: "ஷேவ் பண்ணா முடி தடியா, அடர்த்தியா வளரும்."

குழந்தைக்கு மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வளரும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வளர்ந்த ஊர் இது. அதே நம்பிக்கைதான் காலுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் இதை ஆராய்ச்சியாளர்கள் எப்போதோ சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 1928-லேயே மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர், ஆண்களின் முகச்சவரத்தை வைத்து ஆராய்ந்து, சவரம் செய்வதால் முடியின் தடிமனோ வளரும் வேகமோ மாறுவதில்லை என்று எழுதினார். 1970-ல் வந்த இன்னொரு ஆய்வு இன்னும் எளிமையானது. ஐந்து இளைஞர்கள் ஒரு காலை மட்டும் வாரா வாரம் மாதக்கணக்கில் ஷேவ் செய்தார்கள், இன்னொரு காலைத் தொடவே இல்லை. கடைசியில் இரண்டு கால் முடிக்கும் வித்தியாசமே இல்லை.

அப்புறம் ஏன் ஷேவ் செய்த இடம் சொரசொரப்பாக இருக்கிறது? முடியின் நுனி இயற்கையில் கூராக இருக்கும். பிளேடு அதைக் குறுக்கே வெட்டுவதால் முனை தட்டையாகிவிடுகிறது. தொட்டால் குத்துகிறது, பார்க்கக் கறுப்பாகத் தெரிகிறது. அவ்வளவுதான். முடியின் வேர் தோலுக்குள்ளே இருக்கிறது. மேலே ஓடும் பிளேடு பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இந்த ஒரு பயம் இல்லாவிட்டால் எபிலேட்டர் வியாபாரத்தில் பாதி படுத்துவிடும் என்று தோன்றுகிறது.

எபிலேட்டர் என்ன செய்கிறது?

பெயர்தான் ஸ்டைலாக இருக்கிறது. செய்கிற வேலை, புருவ முடியைச் சாமணத்தால் (ட்வீஸர்) பிடுங்குவோமே, அதே வேலைதான். ஒரு சாமணத்துக்குப் பதில் பத்து, இருபது, நாற்பது சின்னச் சின்னச் சாமணங்கள் மோட்டாரில் சுற்றுகின்றன.

முதன்முதலில் பிரபலமான எபிலேட்டர், 1986-ல் இஸ்ரேலின் வடக்கே ஹகோஷ்ரிம் என்ற கூட்டுப்பண்ணை கிராமத்தில் இருந்து வந்த 'எபிலேடி'. அதில் சாமணம்கூட இல்லை. சுற்றும் ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு நடுவே முடி சிக்கிப் பிடுங்கப்படும். ரெமிங்டன் நிறுவனம் ஸ்பிரிங்குக்குப் பதிலாக வெட்டுகள் போட்ட ரப்பர் தண்டை வைத்து ஒன்றைக் கொண்டுவர, காப்புரிமை வழக்கு பல நாடுகளில் நடந்தது. ரப்பர் தண்டும் ஸ்பிரிங்கும் ஒன்றா என்று நீதிபதிகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். லண்டன் நீதிமன்றம் 'இது வேறு' என்றது, ஜெர்மனியில் 'இது மீறல்தான்' என்றார்கள். சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு அது. தோலுக்கு இந்த விவாதமெல்லாம் புரியாது. ஸ்பிரிங்கோ, ரப்பரோ, இன்றைய செராமிக் டிஸ்கோ, வேரோடு இழுக்கப்படும் ஒவ்வொரு முடியும் அதற்கு ஒரு சின்னக் காயம்தான்.

வேரோடு வந்தால்கூடப் பரவாயில்லை. வேகமாக ஓட்டும்போதும், முடி வளரும் திசைக்குத் தப்பாக இழுக்கும்போதும் பல முடிகள் தோலுக்குக் கீழே பாதியில் அறுந்துவிடுகின்றன. அறுந்த முடி திரும்ப வளரும்போது வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே சுருண்டுகொள்கிறது. அந்த இடத்தில் சின்னக் கொப்புளம், அரிப்பு. உள்ளே கறுப்பாக ஒரு கோடு தெரியும். அதைப் பார்த்துவிட்டு ஊக்கையோ ஊசியையோ எடுத்துக் குத்தாதவர்கள் ரொம்பக் குறைவு. சுருட்டை முடிக்காரர்களுக்கும், அக்குள், தொடை இடுக்கு போன்ற இடங்களுக்கும் இந்தத் தொல்லை அதிகம்.

நம்ம தோலுக்கு ஏன் இது ஸ்பெஷல் பிரச்னை?

தோலை வெயிலுக்கு அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்து ஆறு வகையாகப் பிரிக்கும் ஒரு அளவுகோல் இருக்கிறது. அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975-ல் தொடங்கியது. அவர் முதலில் வெள்ளைத் தோலை மட்டும்தான் வகை பிரித்தார். பழுப்பு, கறுப்புத் தோலுக்கான ஐந்தாவது, ஆறாவது வகைகள் பிற்பாடுதான் சேர்க்கப்பட்டன. தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்கள் நான்கு முதல் ஆறு வரையிலான வகைக்குள் வருவார்கள்.

இந்தத் தோலுக்கு ஒரு குணம் உண்டு. எங்கே சின்னப் புண், கொப்புளம், அழற்சி வந்தாலும், அது ஆறிய இடத்தில் நிறமி கூடுதலாகச் சுரந்து கறுப்புத் தழும்பை விட்டுவிடும். கொசுக்கடி ஆறியும் கறுப்பு மாதக்கணக்கில் போகாமல் இருப்பதைக் கவனித்திருப்போம். அதே கதைதான் இங்கேயும். வெள்ளைத் தோலில் இரண்டு நாள் சிவந்து மறைந்துவிடும் புள்ளி, நம்ம தோலில் மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது. நிறமி தோலின் அடி அடுக்குவரை இறங்கிவிட்டால் வருடக்கணக்கிலும் ஆகலாம். முடி இருந்த காலில் இப்போது முடிக்குப் பதில் புள்ளி புள்ளியாகக் கருமை. எதை மறைக்க நினைத்தார்களோ, அதைவிட இது எடுப்பாகத் தெரிகிறது.

இதோடு ஊர் நிலவரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அரியலூர், பெரம்பலூர் வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எபிலேட்டர் போட்ட பிறகு ஒன்றிரண்டு நாளுக்கு மயிர்க்கால்கள் திறந்து, எரிச்சலோடு இருக்கும். அந்த நேரத்தில் வியர்வை, ஒட்டிப்பிடிக்கும் லெக்கிங்ஸ், ரோட்டுப் புழுதி எல்லாம் சேர்ந்தால் ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற, தோலிலேயே வாழும் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். மயிர்க்காலைச் சுற்றிச் சீழ்க்கொப்புளங்கள் வருவது இதனால்தான். சுண்ணாம்புப் பாறை நிலத்தின் தண்ணீர் பொதுவாகக் கடினத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, கழுவினாலும் படிவு தோலில் ஒட்டிக்கொண்டு வறட்சியைக் கூட்டும். 'ஷவருக்கு அடியிலயே யூஸ் பண்ணலாம்' என்று விளம்பரத்தில் சிரிக்கும் மாடல் அழகிக்கு இந்தத் தண்ணீர் தெரியாது.

'நாலு வாரம் வழவழப்பு' உண்மையா?

பாதி உண்மை. பிடுங்கிய முடி திரும்ப வரச் சில வாரங்கள் ஆகும் என்பது சரி. ஆனால் உடம்பில் எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. சில வளரும் கட்டத்தில், சில ஓய்வில், சில தோலுக்குக் கீழே கிளம்பிக்கொண்டு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து சுத்தமாக எடுத்தாலும், அன்று வெளியே தலைகாட்டாத முடி புதன்கிழமை எட்டிப்பார்க்கும். மெஷின் பிடிக்க முடி குறைந்தது அரை மில்லிமீட்டராவது இருக்கணும். அதனால் அது வளரும்வரை காத்திருந்து, திரும்ப ஓட்டி, திரும்ப எரிச்சல். ஆறுவதற்குத் தோலுக்கு இடைவெளியே கிடைக்காது.

இதற்கு அடுத்து நடப்பதுதான் ரொம்ப ஆபத்தானது. கருமை வந்ததும் மருந்துக்கடையில் "கறுப்பு போக ஏதாவது க்ரீம் கொடுங்கண்ணா" என்று கேட்கிறார்கள். கையில் கிடைப்பது பல நேரங்களில் ஸ்டீராய்டு கலந்த ட்யூப். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. முதல் வாரம் பளிச்சென்று தெரியும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், பரு வரும். முகத்தில் தடவினால், கேட்கவே வேடிக்கையாக இருக்கும், அந்த இடத்தில் முடியும் கூடுதலாக வளரும். முடியை எடுக்கப் போய் முடியை வளர்க்கும் மருந்தில் வந்து நிற்கிறது கதை.

எபிலேட்டர் யாருக்குமே ஆகாது என்று சொல்வது நியாயமில்லை. கால் முடி மெல்லிசாக, தோல் சீக்கிரம் ஆறும் தன்மையோடு இருப்பவர்கள் வருடக்கணக்கில் பயன்படுத்துகிறார்கள். வேக்சிங் சூடு பட்டுக் கொப்பளிக்கும் பயமும் இதில் இல்லை. ஆனால் சர்க்கரை நோய் இருப்பவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள், காலில் நரம்பு சுருட்டி இருப்பவர்கள், பருவுக்கு ரெட்டினாய்டு க்ரீமோ மாத்திரையோ எடுப்பவர்கள், காயம் பட்ட இடம் தடித்துத் தழும்பாக மேடிடும் வாகு உள்ளவர்கள் ஒதுங்கி இருப்பது நல்லது. மருவும் பாலுண்ணியும் உள்ள இடத்தில் ஓட்டினால் பக்கத்துக்குப் பரவும். ஹாஸ்டலில் ஒரே மெஷினை நாலு பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது கூடவே கூடாது. பிடுங்கிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் கசியும். ஹெபடைடிஸ் பி மாதிரி ரத்தம் வழி பரவும் கிருமிக்கு அதுவே போதும். லேசர் செய்துகொள்ளும் யோசனை இருந்தால் நாலைந்து வாரம் முன்பே எபிலேட்டரை நிறுத்தணும். லேசர் தேடிப் போவது வேரில் இருக்கும் நிறமியை. வேரையே பிடுங்கிவிட்டால் அதற்கு வேலை இல்லை.

கை, காலுக்கு ட்ரிம்மரோ சுத்தமான ரேசரோ போதும் என்பதுதான் இவ்வளவையும் பார்க்கும்போது தெரிவது.

தாடையில் முடி என்றால் மெஷின் வேண்டாம்

எபிலேட்டரின் எல்லாக் குறைகளையும்விட இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாடை, மேல் உதடு, மார்பு, தொப்புளுக்குக் கீழே தடித்த கறுப்பு முடி புதிதாக வளர்ந்தால், கூடவே மாதவிடாயும் தள்ளித் தள்ளி வந்தால், அது அழகு சமாச்சாரமே இல்லை. பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்னையாக இருக்கலாம். தைராய்டு, அட்ரீனல் சுரப்பிக் கோளாறும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். டாக்டர்கள் இந்த முடியைக் கண்ணால் பார்த்து மதிப்பெண் போடும் முறையே ஒன்று வைத்திருக்கிறார்கள். 1961-ல் ஃபெரிமேன், கால்வே என்ற இருவர் உருவாக்கியது. இப்போது உடம்பின் ஒன்பது இடங்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் நாலு வரை மார்க் போட்டுக் கூட்டுகிறார்கள். எட்டைத் தாண்டினால் காரணம் தேடணும் என்பது பொதுவான கணக்கு.

தாடை முடியை வாரா வாரம் மெஷினில் பிடுங்கிவிட்டு, "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று இருந்துவிட்டால் அந்த அறிகுறி யார் கண்ணிலும் படாது. பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம், கருத்தரிப்பதும் சிரமமாகலாம். கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்து, குழந்தை இல்லையே என்று ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. முகத்தோலில் பிடுங்கிய காயமும் கருமையும் சீக்கிரம் போகாது என்பது தனிக்கதை.

கல்லங்குறிச்சியில் இருந்து இதற்காகத் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ அலைய வேண்டிய அவசியம் இப்போது இல்லை. அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஓபி சீட்டுக்குக் காசு கிடையாது. போவதற்கு முன் முடியை எடுத்திருந்தாலும் தப்பில்லை. எங்கே, எவ்வளவு நாளுக்கு ஒருமுறை எடுக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டால் போதும். கடைசி மூன்று, நான்கு மாதவிடாய் தேதிகளை போனில் குறித்து வைத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது. 'மூஞ்சில முடி வளருது' என்று ஆரம்பிக்கக் கூச்சமாக இருந்தால், "பீரியட்ஸ் சரியா வரல டாக்டர்" என்று ஆரம்பித்தாலும் சரிதான். மீதியை அவர்களே கேட்பார்கள்.