பைக் சேனல்: முதல் வீடியோவுக்கு நல்ல நேரம் எது?

பைக் வாங்கியாச்சு. சேனலுக்குப் பேரும் வச்சாச்சு. லோகோகூட ரெடி. ஆனா வீடியோ? 'தீபாவளி போனஸ் வரட்டும், நல்ல கேமரா வாங்கிட்டு ஆரம்பிக்கலாம்.' தீபாவளி போய்ப் பொங்கல் வந்துவிடுகிறது. 'சம்மர்ல லடாக் போறோம்ல, அங்கிருந்து ஆரம்பிச்சா செமயா இருக்கும்.' சென்னையின் டீக்கடை வாசலிலும் ஆபீஸ் பார்க்கிங்கிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது.

இதற்கு நேர் எதிரான கோஷ்டியும் உண்டு. ஷோரூமில் சாவி வாங்கிய அன்றே முதல் வீடியோ. மறுநாள் ஈசிஆரில் 'டாப் ஸ்பீடு டெஸ்ட்'.

இரண்டு தரப்புமே தேதியைத்தான் பார்க்கின்றன. தேதி முக்கியமே இல்லை. இன்றைக்கே படம் பிடிக்கத் தொடங்கலாம். ஆனால், இரண்டு விஷயங்கள் கைக்கு வரும்வரை அப்லோடு பட்டனைத் தொட வேண்டாம். ஒன்று, எடிட் செய்து முடித்த நான்கைந்து வீடியோக்கள். இன்னொன்று, 'என் சேனலில் இதெல்லாம் வராது' என்று எழுதிவைத்த ஒரு சின்னப் பட்டியல். முதலாவது இல்லாவிட்டால் சேனல் பாதியில் நிற்கும். இரண்டாவது இல்லாவிட்டால் போவது லைசென்ஸாக இருக்கலாம், உயிராகவும் இருக்கலாம்.

யூடியூப் கணக்கு என்ன சொல்கிறது?

'சீக்கிரம் ஆரம்பிச்சாதான் சீக்கிரம் காசு வரும்' என்ற அவசரம் பலருக்கு இருக்கிறது. விளம்பர வருமானத்துக்கு யூடியூப் கேட்பது 1,000 சந்தாதாரர்கள். அதோடு கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வை அல்லது 90 நாட்களில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வை. இங்கே பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. அந்த 12 மாதம் சேனல் திறந்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை; இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுகிறது. அதனால் மூன்று மாதம் தள்ளித் தொடங்கியவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை. தொடங்கிவிட்டு மூன்று மாதம் காணாமல் போகிறவருக்குத்தான் நஷ்டம்.

4,000 மணி நேரம் என்றால் 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக 4 நிமிடம் பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டால் 60,000 பார்வைகள் வேண்டும். வாரம் ஒன்று என ஆண்டுக்கு 52 வீடியோ போட்டால், ஒன்றுக்குச் சுமார் 1,150 பார்வை. எட்டாத உயரம் இல்லை. ஆனால் 52 வாரமும் விடாமல் போட வேண்டும். ஆபீஸ் ரிலீஸ் வேலை, வீட்டில் விசேஷம், காய்ச்சல் எல்லாம் அந்த 52 வாரத்துக்குள்தான் வரும். கையில் நான்கைந்து வீடியோ இருப்பு வேண்டும் என்பது இதற்காகத்தான். ஒரு மாதம் எதுவும் எடுக்க முடியாமல் போனாலும் சேனல் நிற்காது.

இருப்புக்கு இன்னொரு பலனும் உண்டு. முதல் வீடியோவில் குரல் நடுங்கும். காற்றுச் சத்தம் பேச்சை விழுங்கும். டீக்கடை ஸ்பீக்கரில் ஓடும் சினிமா பாட்டு மைக்கில் விழுந்து, காப்புரிமைக் கோரிக்கை வந்து நிற்கும். ஐந்து வீடியோ எடுத்துப் பார்த்தவருக்கு இதெல்லாம் தானாகப் பிடிபட்டுவிடும். ஐந்தாவதை முதலில் போடலாம்.

கேமராவுக்காகக் காத்திருக்கலாமா?

வேண்டாம். பெரிய பிராண்டு ஆக்‌ஷன் கேமராவுக்கு முப்பது, நாற்பதாயிரம் ரூபாய் ஆகும். கையில் இருக்கும் போன் ஆரம்பத்துக்குப் போதும். ஆனால் அதை ஹேண்டில்பாரில் மாட்டி ஓட்டுவது நல்லதல்ல. பெரிய இன்ஜின் பைக்குகளின் அதிர்வு போன் கேமராவின் பாகங்களைப் பாதிக்கலாம் என்று 2021இல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, போனை ஸ்டாண்டில் வைத்துப் பேசினாலே தெளிவாக வரும். தேவையென்றால் சட்டையில் குத்தும் மைக் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

காத்திருக்க வேண்டியது வேறொன்றுக்கு: வண்டிக்கு. புது பைக்குக்கு முதல் சர்வீஸ் வரை பக்குவமாக ஓட்டச் சொல்லி நிறுவனங்கள் கையேட்டிலேயே போட்டிருக்கின்றன. அதற்குள் 'விமர்சனம்' செய்ய என்ன இருக்கிறது? ஷோரூம் பளபளப்பை நிறுவனமே விளம்பரத்தில் காட்டிவிடும். முதல் சர்வீஸுக்கு எவ்வளவு பில் வந்தது, சிக்னலில் நிற்கும்போது காலில் எவ்வளவு சூடு அடிக்கிறது, லஸ் கார்னர் நெரிசலில் மைலேஜ் எவ்வளவு என்பதை ஓட்டியவரால்தான் சொல்ல முடியும். பைக் வாங்க நினைப்பவர் தேடுவதும் அதைத்தான்.

லடாக் போகாமல் என்ன காட்டுவது?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு மூன்றையும் சுற்றினாலே ஓராண்டுக்குச் சரக்கு இருக்கிறது. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளால் இந்தப் பகுதிகளில் எத்தனை வழிமாற்றங்கள் வந்தன என்பது தினமும் போய்வருபவருக்குத் தெரியும். 'அடையாறிலிருந்து நுங்கம்பாக்கம்: காலை 9 மணிக்கு எந்த வழி?' என்ற வீடியோவை லடாக் வீடியோ போடுபவரால் எடுக்க முடியாது.

தீபாவளி நேரத்தில் தி.நகரில் வண்டியை எங்கே விடுவது? பாண்டி பஜார் பக்கம் மாநகராட்சி கட்டிய அடுக்குமாடி வாகன நிறுத்தம் எப்படி இயங்குகிறது? ஜி.பி. ரோட்டில் ஹெல்மெட் வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை உண்மையா என்று எப்படிப் பார்ப்பது? வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் தேங்கிய தெருவில் வண்டி நின்றுபோனால், ஸ்டார்ட்டரை அழுத்தலாமா கூடாதா? எல்லாமே மக்கள் போனில் தேடும் கேள்விகள். எதற்கும் வேகம் தேவையில்லை.

வேகம் தேவைப்பட்டாலும் இங்கே இடமில்லை. 2023 நவம்பர் முதல் சென்னையில் இருசக்கர வாகனங்களுக்கான வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர். குடியிருப்புத் தெருக்களில் 30. அதாவது, மந்தைவெளியில் ஓடும் 160 சிசி வண்டிக்கும் 650 சிசி வண்டிக்கும் ஒரே வேகம்தான். இந்த நிஜத்தைப் பேசும் சேனலுக்கு இங்கே தாராளமாக இடம் இருக்கிறது.

செய்தி வரும் முன்பே இருக்க வேண்டும்

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதம் ஆனது. ராயல் என்ஃபீல்டு 350 வாங்கலாமா, 450க்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களின் கணக்கு ஒரே நாளில் மாறியது. அதே ஆண்டு இ20 பெட்ரோல் விவாதம் சூடு பிடித்தபோது, பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே சந்தேகம்: மைலேஜ் குறையுமா, ரப்பர் பாகங்கள் தாங்குமா?

இப்படிச் செய்தி வந்த பிறகு சேனல் திறப்பவருக்கு அந்த அலை கிடைக்காது. ஏற்கெனவே இருபது வீடியோ போட்டு, ஐந்நூறு பேரிடமாவது நம்பிக்கை பெற்றவர் அன்று பேசினால்தான் ஆட்கள் நின்று கேட்பார்கள். அடுத்த செய்தி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. காத்துக்கொண்டே இருக்கக் கூடாது என்று சொல்ல இது ஒன்றே போதும்.

அந்தப் பட்டியல் ஏன் முதலிலேயே வேண்டும்?

தமிழ்நாட்டு பைக் சேனல்களைப் பற்றிப் பேசும்போது டிடிஎஃப் வாசனைத் தவிர்க்க முடியாது. 'ட்வின் த்ராட்லர்ஸ்' சேனல் மூலம் பல லட்சம் சந்தாதாரர்களைச் சேர்த்தவர். 2023 செப்டம்பர் 17 அன்று காஞ்சிபுரம் அருகே தாமல் பகுதியில், சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டியபோது பைக்கிலிருந்து தூக்கி வீசப்பட்டார். கை உடைந்தது. கைதானார். ஜாமீன் மனு அக்டோபர் 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, சேனலை மூடிவிட்டு பைக்கை எரித்துவிடலாம் என்ற அளவுக்கு நீதிபதி கடுமையாகப் பேசி, ஜாமீன் மறுத்தார். நவம்பர் தொடக்கத்தில்தான் ஜாமீன் கிடைத்தது. ஓட்டுநர் உரிமம் 2033 அக்டோபர் வரை, அதாவது பத்து ஆண்டுகளுக்கு, ரத்தானது.

அதே 2023 மே மாதத்தில் டேராடூனைச் சேர்ந்த யூடியூபர் அகஸ்தியா சவுகான் யமுனா விரைவுச் சாலையில் இறந்தார். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தைத் தொட முயன்றதாகப் போலீஸ் தரப்பில் சொல்லப்பட்டது.

இருவரையும் திட்டிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். 'நான் அப்படியெல்லாம் ஓட்ட மாட்டேன் ப்ரோ' என்று சொல்வது அதைவிடச் சுலபம். ஆனால், இதைத் தனிமனிதக் குணக்கோளாறாக மட்டும் பார்ப்பது தவறு. ஒரு வீடியோ வேகத்தால் ஓடினால், அதைப் பார்க்க வந்தவர்கள் அடுத்ததிலும் வேகத்தையே கேட்பார்கள். நூறைப் பார்த்தவருக்கு நூற்றிருபது வேண்டும். கமென்டில் உசுப்பேற்றுபவர் யாரும் ஆஸ்பத்திரிக்கோ கோர்ட்டுக்கோ கூட வருவதில்லை. பார்வை எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும்போது உட்கார்ந்து எல்லை வகுப்பது யாருக்கும் கஷ்டம். யாருமே பார்க்காத நாளில் அது சுலபம். எனவே சரியான நேரம் முதல் வீடியோவுக்கு முந்தைய நாள்.

பட்டியல் நீளமாக இருக்கத் தேவையில்லை. ஸ்பீடோமீட்டரைக் காட்டுவதற்காக ஓட்டுவதில்லை. பொதுச் சாலையில் வீலிங் இல்லை. ஓடும்போது கேமராவைத் தொடுவதில்லை. பின்னால் உட்கார்ந்தவருக்கும் ஹெல்மெட். அடுத்தவர் முகம், வண்டி எண், விபத்தில் அடிபட்டவர் ஆகியவற்றைக் காட்டுவதில்லை. இந்த ஐந்து போதும்.

சட்டமும் பக்கத்திலேயே நிற்கிறது. ஆபத்தாக ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் 184ஆவது பிரிவின்படி முதல் முறையே 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். மற்றவர் விஷயத்தில் போலீஸ் சாட்சி தேட வேண்டும். யூடியூபர் சாட்சியைத் தானே தேதியோடு அப்லோடு செய்து கொடுத்துவிடுகிறார்.

ஆபீஸில் சொல்ல வேண்டுமா?

வேலையில் இருப்பவர்கள் ஆஃபர் லெட்டரை ஒருமுறை எடுத்துப் படிப்பது நல்லது. போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்ததாக 300 பேரை நீக்கியதாக 2022இல் விப்ரோ அறிவித்தது நினைவிருக்கலாம். பைக் வீடியோவும் அதுவும் ஒன்றல்ல. இருந்தாலும், வெளி வருமானத்துக்கு முன் அனுமதி கேட்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. பணம் வரத் தொடங்கும் முன்பே ஹெச்ஆருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டால் பிறகு தலைவலி இல்லை.

'இப்போவே லேட் இல்லையா?'

பைக் சேனல்கள் நிறைய வந்துவிட்டன என்பது உண்மை. அதிகம் போட்டி இருப்பது வேகத்திலும் நீண்ட பயணத்திலும். தினமும் மயிலாப்பூரிலிருந்து தரமணிக்கு ஓட்டுபவரின் பட்ஜெட், முதுகுவலி, மழை, சர்வீஸ் பில் பற்றி நிதானமாகப் பேச இன்னும் இடம் இருக்கிறது. அதற்கு லேட் என்பதே இல்லை.

ஆகவே நல்ல நேரம் பார்க்க காலண்டரைக் கிழிக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் வீடியோவை எடுக்கலாம். அடுத்த நான்கு ஞாயிறும் எடுக்கலாம். பட்டியலை எழுதி, நம்மை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வைக்கலாம். மீறினால் முகத்துக்கு நேராகக் கேட்கக்கூடியவராக அவர் இருக்க வேண்டும். ஆறாவது ஞாயிறு அப்லோடு பண்ணிடலாம்.