காசு வந்த பிறகு எழுதும் கடிதம்



சங்கத்துக்கு உதவி கேட்டு ஒரு கடிதம் எழுதுவதென்றால் நாம் எல்லோரும் கூடியிருந்து யோசிப்போம். காசு வந்த பிறகு எழுத வேண்டிய கடிதத்தைத்தான் மறந்துவிடுகிறோம். சென்ற வருடம் மாரி முடிந்த கையோடு வன்னியில் ஒரு மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். அங்கே இந்தக் கதை வந்தது.

"கனடாவில இருக்கிற ஒரு அக்கா ஆடு வாங்கக் காசு அனுப்பினவா. இப்ப ஒரு கதையும் இல்லை" என்று செயலாளர் குறைப்பட்டார்.

"நீங்கள் கடைசியாய் அவாவுக்கு என்ன எழுதினனீங்கள்?"

கோவையிலிருந்து பிரதியை எடுத்துக் காட்டினார். தங்கள் பேருதவிக்கு மனமார்ந்த நன்றி என்று ஒரு வரி. அடுத்த வரியிலேயே சங்கக் கட்டடத்துக்குக் கூரைத்தகடு தேவை என்று இருந்தது. எத்தனை ஆடு வாங்கினார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்று ஒரு சொல்லும் இல்லை. வெளிநாட்டில் காசு மரத்தில் காய்க்கிறது என்ற எண்ணம் எம்மிடம் இன்னும் போகவில்லை போலும்.

ஏன் விபரம் எழுதவில்லை என்று கேட்டேன். பொருளாளர்தான் மெதுவாகச் சொன்னார். பத்து ஆட்டில் மூன்று மாரிக்குச் செத்துவிட்டன. அதைச் சொன்னால் இனி உதவி வராது என்ற பயம்.

கெயார் நிறுவனத்தை எம்மில் பலருக்குத் தெரியும். யுத்த காலத்தில் வன்னியிலும் வேலை செய்தது. அது இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. 10 டொலர் கட்டினால் ஐரோப்பாவில் பசியோடு இருந்த ஒரு குடும்பத்துக்கு உணவுப் பொதி ஒன்று போகும். முதற்பொதிகள் 1946 மே மாதம் பிரான்சில் போய் இறங்கின. படையினருக்கென்று செய்து மிஞ்சிய உணவுதான் அவற்றில் இருந்தது. ஆனால் பொதியைப் பெற்றவர் கையொப்பம் வைத்த பற்றுச்சீட்டு, கொடுத்தவரிடம் திரும்பிப் போனது. தன் 10 டொலர் இன்னாருடைய கையில் போய்ச் சேர்ந்தது என்று அவருக்குத் தெரிந்தது. எம்முடைய நன்றிக் கடிதத்தில் இல்லாமற் போனது அந்தக் கையொப்பம்தான்.

அன்றைக்கே வேப்பமர நிழலில் இருந்து புதுக் கடிதம் எழுதினோம். ஆடுகளின் விலை, பற்றுச்சீட்டு, பெற்றுக்கொண்டவர்களின் கையொப்பம் எல்லாம் சேர்த்தோம். செத்த மூன்றையும் எழுதினோம். மழைக்கு முன் கொட்டிலை உயர்த்திப் போடாததும், மிருக வைத்தியரிடம் நேரத்துக்குக் காட்டாததும் எங்கள் பிழை என்று எழுதும்போது செயலாளருக்குக் கை ஓடவில்லை. மிச்சம் ஏழு, இப்போது ஐந்து குட்டிகள் என்ற வரி வந்ததும் எல்லோர் முகமும் தெளிந்தது. கூரைத்தகட்டை இதில் கேட்க வேண்டாம் என்று நான் மறித்தேன். இரண்டு பேருக்கு அது பிடிக்கவில்லை.

படம் எடுக்கும்போது ஒரு சகோதரி விலகி நின்றார். கணவர் காணாமல் போனவர். முன்பு யாரோ வந்து அவர் அழும்போது எடுத்த படம் ஒரு கலண்டரில் வந்ததாம். "என்னை விட்டிட்டு ஆட்டை எடுங்கோ" என்றார். அப்படியே எடுத்தோம். கொடுப்பவரின் மனம் நிறையட்டும், ஆனால் அதற்காக எம் கண்ணீரைக் காட்ட வேண்டிய கடன் எமக்கில்லை. பெயர், படம் எதுவானாலும் உரியவரைக் கேட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

கடிதத்தைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்து அனுப்பினோம். ஒரு கிழமைக்குள் அந்த அக்காவே கதைத்தார். கோபத்தில் அவர் பேசாமல் இருக்கவில்லை. வேலை செய்த இடம் மூடப்பட்டு ஏழு மாதமாம். கணவருக்கும் சுகமில்லையாம். இவ்வளவு நாளும் நாங்கள் ஒருவரும் அவரைச் சுகம் விசாரிக்கவில்லை. செயலாளர் தொலைபேசியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

இப்போதைக்குக் காசு அனுப்ப அவரால் முடியாது. ஆனாலும் சங்கம் ஒரு கொப்பி வாங்கி, உதவிய ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறது. தந்த தொகை, வேலை நடந்த விதம், கடைசியாக எழுதிய திகதி, அவர்கள் வீட்டு நன்மை தின்மை எல்லாம் அதில் இருக்கின்றன. கனடா அக்காவுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் கடிதம் போகிறது. போன கடிதத்துக்குப் பதிலாக, குட்டிகளுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். ஒன்றுக்கும் இன்னும் பெயர் வைக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் அதுதான் முதல் விடயம்.