வளவில் ஒரு சிறு தடாகம்

வீட்டு வளவில் அல்லி மலரும் தடாகம் ஒன்றை அமைக்க விரும்பும் நேயர்களுக்கு இவ்வாரம் சில குறிப்புகள் கூறுவோம்.

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலம் நீரைத் தாங்கி நில்லாது. ஆதலின் விரிப்பு இன்றியமையாதது. வெயில் படும் இடத்திற் கிடங்கு வெட்டி, பக்கங்களைச் சரிவாக்கி, கல்லும் வேரும் களைந்து, 2 அங்குலம் மணல் பரப்பி, அதன்மேல் தடித்த றப்பர் விரிப்பை இடுதல் வேண்டும். நீளம், அகலம் ஒவ்வொன்றுடனும் ஆழத்தின் இருமடங்கையும் விளிம்புக்கென 2 அடியையும் கூட்டுக. 8 அடி நீளமும் 5 அடி அகலமும் 2 அடி ஆழமும் கொண்ட தடாகத்துக்கு 14 அடிக்கு 11 அடி விரிப்புத் தேவை.

2017 ஆம் ஆண்டில் எமது நாட்டில் 180,000 இற்கும் அதிகமானோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். நுளம்பின் முட்டை ஒன்றிரண்டு வாரங்களிற் பறக்கும் நுளம்பாகிவிடும். ஆகவே குழாய்நீரை இரண்டு நாள் ஆறவிட்டு, உடனே கப்பி மீன்களை விடுக. அவை குடம்பிகளை உண்டுவிடும்.

தவழும் குழந்தைக்குச் சில அங்குல நீரும் ஆபத்தே. அத்தகைய இல்லத்தார், உறுதியான வேலி அமையும்வரை இவ்வாசையை ஒத்திவைப்பதே நலமென்போம்.