படம் வரும் நாளிலேயே விளையாட்டும் வரவேண்டுமா?

ஒரு சினிமா படம் வெளிவருகிறது. அதே மாதத்தில், அதே பெயரில் ஒரு வீடியோ விளையாட்டும் கடைக்கு வருகிறது. படம் பார்த்த சிறுவன், "அது வேண்டும்" என்று அடம்பிடிக்கிறான். தகப்பனார் பணத்தை எடுக்கிறார்.

விளையாட்டு நன்றாக இருக்கிறதா? அதை யார் பார்த்தார்கள்!

"ஹாரி பாட்டர்" படங்களை எடுத்துக்கொள்வோம். மந்திரப் பள்ளியில் படிக்கும் ஒரு சிறுவனின் கதை அது. 2001 முதல் 2011 வரை 8 படங்கள் வந்தன. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விளையாட்டு வந்தது. அவற்றை வெளியிட்டது, அமெரிக்காவைச் சேர்ந்த எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனி.

எஜமானும் வேலைக்காரனும்

6-வது படம் 2008 நவம்பரில் வருவதாக இருந்தது. அது 2009 ஜூலைக்குத் தள்ளிப்போயிற்று. உடனே விளையாட்டும் தள்ளிப்போயிற்று! படம் எஜமான். விளையாட்டு வேலைக்காரன். எஜமான் புறப்படும்போது வேலைக்காரனும் புறப்படவேண்டும். சட்டை போட்டானா இல்லையா என்ற கேள்வி கிடையாது.

எல்லாமே மோசம் என்று சொல்லமுடியாது. 2007-ல் வந்த விளையாட்டில் பள்ளிக் கோட்டையைச் சுற்றிச் சுற்றி வரலாம். பிள்ளைகள் அதை ரசித்தார்கள்.

ஆனால், 2010 நவம்பரில் வந்தது என்ன? மந்திரக்கோல் துப்பாக்கி ஆகிவிட்டது! சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, எதிரிகளைச் சுட்டுக்கொண்டே இருக்கவேண்டும். விமர்சகர்கள் கண்டித்தார்கள்.

அவசரம் இல்லை, வெற்றி!

அதே 2010-ல் "லெகோ ஹாரி பாட்டர்" வந்தது. முதல் 4 படங்களின் கதையை வேடிக்கையாகச் சொல்லும் விளையாட்டு. அவை பழைய படங்கள். ஆகவே, எந்தப் படத்தின் தேதிக்கும் அது ஓடவேண்டியதில்லை. அண்ணனும் தங்கையும் சேர்ந்து உட்கார்ந்து விளையாடலாம். பாராட்டு குவிந்தது.

2023 பிப்ரவரியில் "ஹாக்வார்ட்ஸ் லெகசி" வந்தது. கடைசிப் படம் வந்து 11 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அதே பள்ளிதான். ஆனால் கதை புதிது, 1890-களில் நடப்பது. அந்த ஒரே ஆண்டில் 2 கோடியே 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது!

இதில் இருந்து என்ன தெரிகிறது? நல்ல விளையாட்டுக்குப் பிள்ளைகள் காத்திருப்பார்கள். காத்திருக்க முடியாதவர்கள் வியாபாரிகள்தான்.

பெற்றோர்களே! படத்தின் பெயரைப் பார்த்துப் பணத்தைக் கொடுக்காதீர்கள். உறையில் போட்டிருக்கும் வயதைப் பாருங்கள். விளையாடிய பிள்ளைகளிடம் விசாரியுங்கள். ஒரு மாதம் பொறுத்தால், நல்லது எது, கெட்டது எது என்று தெரிந்துவிடும்.

பதறாத காரியம் சிதறாது. செய்கிறவனுக்கும் அதுதான்; வாங்குகிறவனுக்கும் அதுதான்.