துருவை மறைத்து விற்றால் பரக்கத் ஏது?

அமெரிக்காவில் துருவேறிய பழைய ஃபோர்டு மஸ்டாங் கார்களுக்கு "கிடைத்தற்கரிய பொக்கிஷம்" எனப் பெயர் சூட்டிப் பெருந்தொகை கேட்பவர்கள் உண்டு.

அரிது என்பதே முதல் பொய். 1964 ஏப்ரலில் அறிமுகமான அந்தக் கார், இரண்டு ஆண்டுகளுக்குள் 10 இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்டுவிட்டது.

இரண்டாவது பொய் இன்னும் கொடியது. மஸ்டாங்கிற்குத் தனிச் சட்டகம் கிடையாது. அதன் உடற்கூடே பாரத்தைத் தாங்குகிறது. பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு அடித்தகட்டை அரித்துவிட்டால் வண்டியின் வலுவே குன்றிவிடும். அந்த ஓட்டையைப் பட்டி பூசி மறைத்து, மேலே பளபளப்பாக வண்ணம் அடித்து விற்பவர், வாங்கும் குடும்பத்தின் உயிரோடு விளையாடுகிறார்.

"அதிக விலை சொல்வது குற்றமா?" என்று கேட்கலாம். இல்லை. விலைவாசி உயர்ந்தபோது மக்கள் வேண்டியும் நபி (ஸல்) அவர்கள் விலையை நிர்ணயிக்க மறுத்தார்கள். ஆனால், கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து ஈரத்தைக் கண்டபோது அவர்கள் வாளாவிருக்கவில்லை. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைக்காதது ஏன் என்று வினவினார்கள். ஏமாற்றுபவரைத் தம்மைச் சார்ந்தவராக ஏற்க மறுத்தார்கள். மழை பெய்ததால் நனைந்தது என்ற சமாதானம் அங்கே எடுபடவில்லை.

அந்த ஈரமும் இந்தத் துருவும் ஒன்றே. துருப்பிடித்தது விற்பவரின் குற்றமன்று, மறைத்ததே குற்றம்.

சகோதரர்களே! நாம் விற்பது எதுவாயினும், குறையை முதலில் காட்டுவோம்; விலையைப் பிறகு சொல்வோம். மறைத்து ஈட்டிய பொருளில் பரக்கத் இராது.